ரத்தத்துக்குள் ஓர் அந்நியன்

நான்கு வார வரலாற்றுத் தொடர்

வாரம் 1: இறங்காத காய்ச்சல்

தலைகீழாகத் தொங்கும் ஒரு கண்ணாடி பாட்டில். உள்ளே ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கரைசல். நம் பேச்சில் 'குளுக்கோஸ்'. பாட்டிலின் கழுத்திலிருந்து இறங்கும் மெல்லிய குழாய், முன்கையில் பிளாஸ்திரி ஒட்டிய இடத்தில் போய் மறைகிறது. நடுவே இருக்கும் சிறு குமிழுக்குள் ஒரு சொட்டு விழுகிறது. ஒரு மூச்சு விடும் நேரம். அடுத்த சொட்டு.

கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரருக்கு அந்தச் சொட்டுதான் தெம்பு. 'டிரிப்ஸ் ஏறுது' என்று ஊருக்குப் போன் பண்ணிச் சொல்லும்போது குரலில் ஒரு நிம்மதி வரும். மருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது, இனி பயமில்லை என்ற நிம்மதி.

அந்த நிம்மதிதான் இந்தத் தொடரின் விஷயம். ரத்தத்துக்கு நேர்வழி ஒன்றைத் திறந்துவிட்டால் அதில் மருந்து மட்டும்தான் போகும் என்று என்ன உறுதி?

ஆண்டு 1970. நாடு அமெரிக்கா. அங்கே அப்போதே ஆண்டுதோறும் லட்சக்கணக்கான நோயாளிகளுக்கு நரம்பில் ஊசி குத்தித் திரவம் ஏற்றுவது அன்றாட வேலையாகியிருந்தது. அப்படி ஒரு நோயாளியை நினைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. மூன்றாம் நாள், நாளைக்குக் கஞ்சி குடிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார் டாக்டர். அன்று இரவே உடம்பு தூக்கிப்போடுகிறது. இரண்டு கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. காய்ச்சல் 103, 104 என்று ஏறுகிறது. விடியும்முன் ரத்த அழுத்தம் சரியத் தொடங்குகிறது.

டியூட்டி டாக்டர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்கிறார். தையல் போட்ட இடத்தைப் பார்க்கிறார்; சீழ் இல்லை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கிறார், சளி இல்லை. சிறுநீரைச் சோதிக்கிறார், சுத்தம். பிளட் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டு, வீரியமான ஆன்டிபயாடிக் தொடங்குகிறார். அழுத்தம் சரிகிறதே, திரவம் போதவில்லை போலிருக்கிறது என்று டிரிப்ஸின் வேகத்தைக் கூட்டச் சொல்கிறார்.

சொட்டு வேகமாக விழுகிறது. காய்ச்சல் இறங்கவில்லை. மருந்தை மாற்றினாலும் இறங்கவில்லை. நோய்க்கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக இருக்குமோ என்ற கவலை சூழ்கிறது.

சில வார்டுகளில் விசித்திரமான ஒன்று நடந்தது. டிரிப்ஸைக் கழற்றிய பிறகு, அதுவரை எந்த மருந்துக்கும் அசையாத காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. நோயாளி கண் திறந்து தண்ணீர் கேட்டார். மருந்து இப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியது என்று நினைக்க எல்லா நியாயமும் இருந்தது.

ஒவ்வொரு மருத்துவமனையிலும் இப்படி ஒன்றிரண்டு பேர், சில இடங்களில் கொஞ்சம் அதிகம். ரத்தத்தில் தொற்று என்பது பெரிய ஆஸ்பத்திரிகளில் எப்போதும் நடப்பதுதான். பக்கத்து மாநிலத்திலும் இதே கதை நடப்பது யாருக்கும் தெரியாது.

பிறகு லேபிலிருந்து கல்ச்சர் முடிவுகள் வரத் தொடங்கின. ரத்தத்தில் தொற்று என்றால் டாக்டர்கள் எதிர்பார்க்கும் பெயர்கள் சில உண்டு. தோலில் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ். குடலில் குடியிருக்கும் ஈ.கோலை. இவை வந்தால் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்க மாட்டார்கள். நம் உடம்பிலேயே இருப்பவை, இடம் மாறிவிட்டன, அவ்வளவுதான்.

இப்போது வந்த பெயர்கள் இரண்டு. முதலாவது என்டரோபாக்டர் குளோயகே. கேள்விப்பட்ட பெயர்தான், ஆனால் ரத்தத்தில் இத்தனை பேருக்கு வரக்கூடிய கிருமி இல்லை. இரண்டாவதைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. எர்வினியா.

எர்வின் ஸ்மித் என்ற அமெரிக்கத் தாவரநோய் அறிஞரின் நினைவாக வைத்த பெயர் அது. ஆப்பிள், பேரி மரங்களின் பூவும் கொப்பும் நெருப்பில் வாட்டியதுபோல் கருகிப்போகும் நோயை உண்டாக்குவது இந்தக் குடும்பத்துக் கிருமி. பாக்டீரியாவால் செடிகொடிகளுக்கும் நோய் வரும் என்று உலகம் முதன்முதலில் தெரிந்துகொண்டதே அந்தக் கருகல் நோயை வைத்துத்தான்.

இலையிலும் பழத்தோலிலும் வாழ்கிற இனம், நான்கு சுவருக்குள் படுத்திருக்கும் மனிதனின் ரத்தத்துக்குள் எப்படி நுழைந்தது? தோட்டத்துக்கும் வார்டுக்கும் நடுவே இருந்த பாதை எது?

(தொடரும்)

வாரம் 2: தேய்ந்த செருப்பு

அட்லாண்டா நகரில் இருக்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். அதற்குள் 1951-ல் அலெக்சாண்டர் லாங்முயர் என்பவர் தொடங்கிய ஒரு படை உண்டு. தொற்றுநோய் உளவுப் பிரிவு என்று பெயர். படித்து முடித்த இளம் டாக்டர்களைச் சேர்த்து, இரண்டாண்டு பயிற்சி கொடுத்து, எங்கே புரியாத நோய் பரவினாலும் அங்கே அனுப்புவார்கள். அந்தப் பிரிவின் சின்னம் என்ன தெரியுமா? உலக உருண்டையின் மேல் ஒரு ஷூவின் அடிப்பாகம், அதில் தேய்ந்து விழுந்த ஓட்டை. வீடு வீடாக, வார்டு வார்டாக நடந்து கேள்வி கேட்பதுதான் எங்கள் வேலை என்று அர்த்தம்.

அந்தப் படையைச் சேர்ந்த இளம் டாக்டர்களில் ஒருவர் டென்னிஸ் மாக்கி. இந்தத் தொடர் முடியும்வரை அவர் நம்மோடு வருவார்.

தனித்தனி மருத்துவமனைகளின் தகவல்களை ஒரே மேசையில் அடுக்கியபோதுதான் உருவம் தெரிந்தது. 1971 மார்ச்சில் மையத்தின் வாராந்தர அறிக்கை அதை நாட்டுக்குச் சொன்னது: ஏழு மாநிலங்களில் எட்டு மருத்துவமனைகள். 150 ரத்தத் தொற்றுகள். ஒன்பது மரணங்கள். எல்லோரிடமும் அதே இரண்டு கிருமிகளில் ஒன்றாவது இருந்தது.

இவர்களுக்குள் பொதுவாக என்ன இருந்தது? வயது வேறு. நோய் வேறு. வைத்தியம் பார்த்த டாக்டர் வேறு. சாப்பாடும் தண்ணீரும் வேறு வேறு ஊருடையவை. ஒன்று மட்டும் விதிவிலக்கில்லாமல் எல்லோருக்கும் நடந்திருந்தது: டிரிப்ஸ். இன்னும் நெருங்கிப் பார்த்தபோது பாட்டில்களும் ஒரே கம்பெனியிலிருந்து வந்திருந்தன. அபாட் லேபரட்டரீஸ். அமெரிக்க மருத்துவமனைகள் ஏற்றிய திரவத்தில் ஏறக்குறைய பாதியைத் தயாரித்துக் கொடுத்த கம்பெனி.

சந்தேகம் பாட்டிலின் மேல் விழுந்தது. ஆனால் பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் தெளிந்த நீர். தூசி இல்லை, கலங்கல் இல்லை. கெட்டுப்போன திரவம் என்றால் கலங்கியிருக்க வேண்டாமா?

இங்கேதான் கண் ஏமாற்றுகிறது. ஒரு மில்லிலிட்டர் என்பது ஏறக்குறைய இருபது சொட்டு. அதில் லட்சக்கணக்கான பாக்டீரியா நீந்தினாலும் கண்ணுக்குத் தண்ணீர் தெளிவாகவே தெரியும். எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டினால்தான் லேசாகக் கலங்கத் தொடங்கும். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து 'சுத்தமா இருக்கு' என்று மாட்டிய ஒவ்வொரு நர்ஸும் நேர்மையாகத்தான் வேலை செய்தார். பார்க்க முடியாததை அவர் எப்படிப் பார்ப்பார்?

மாக்கியும் சகாக்களும் பிற்பாடு செய்த ஒரு சோதனை, விடையின் பாதியைச் சொல்லிவிடுகிறது. வெவ்வேறு பாக்டீரியாக்களை ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸில் விட்டு, அறை வெப்பநிலையில் வைத்துப் பார்த்தார்கள். சர்க்கரையும் தண்ணீரும் மட்டும் இருக்கும் அந்தக் கரைசலில் ஸ்டஃபைலோகாக்கஸால் பெருக முடியவில்லை. ஈ.கோலையாலும் முடியவில்லை. தோலிலும் குடலிலும் சொகுசாக வளர்ந்தவை அங்கே பட்டினியில் வாடின. ஆனால் என்டரோபாக்டரும் அதன் நெருங்கிய உறவுகளும் அங்கே விருந்துண்டன. மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு என்று தொடங்கியவை 24 மணி நேரத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டின.

அரிதான கிருமி ஏன் வந்தது என்ற புதிர் இங்கே தலைகீழாகிறது. டிரிப்ஸ் பாட்டில் ஒரு வடிகட்டி மாதிரி வேலை செய்திருக்கிறது. நமக்குப் பழக்கமான கிருமிகள் அதில் தாக்குப்பிடிக்கவில்லை. வெறும் சர்க்கரைத் தண்ணீரில் பிழைக்கத் தெரிந்த அந்நியர்கள் மட்டும் தேறி வந்திருக்கிறார்கள். தாவரத்தின் மேல் வாழ்ந்து பழகிய இனத்துக்கு அது வீட்டுச் சாப்பாடு.

அந்த நோயாளியை மறுபடி நினைத்துப் பாருங்கள். அழுத்தம் சரிகிறது என்று டாக்டர் சொட்டின் வேகத்தைக் கூட்டினாரே. காப்பாற்ற எடுத்த ஒவ்வொரு முயற்சியும் கிருமியைக் கூடுதலாக உள்ளே தள்ளியது. டிரிப்ஸைக் கழற்றியதும் காய்ச்சல் இறங்கிய ரகசியமும் இதுதான்.

ஆனாலும் வழக்கு நிற்கவில்லை. கம்பெனியில் அந்தத் திரவத்தை பாட்டிலில் அடைத்து, ஆட்டோகிளேவில் கொதிநீராவியின் அழுத்தத்தில் வேகவைத்துத்தான் அனுப்புகிறார்கள். அந்தச் சூட்டில் என்டரோபாக்டர் பிழைக்காது. எர்வினியாவும் பிழைக்காது. பெட்டியிலிருந்து எடுக்கும்வரை பாட்டில் மூடித்தான் இருக்கிறது.

வெந்த தண்ணீர். மூடிய பாட்டில். பிறகு எப்படி?

விடை அவர்கள் கண்ணெதிரே, பாட்டிலின் தலையில் உட்கார்ந்திருந்தது.

(தொடரும்)

வாரம் 3: மூடியின் இடுக்கு

சோடா பாட்டில் மூடியைத் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். உள்பக்கம் வட்டமாக ஒரு வாஷர் ஒட்டியிருக்கும். காற்றும் நீரும் கசியாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அபாட் கம்பெனியின் டிரிப்ஸ் பாட்டிலுக்கும் திருகு மூடிதான்; அதற்குள்ளும் அப்படி ஒரு வாஷர். 1970-ல் கம்பெனி அந்த வாஷரை மாற்றியது. பழைய பொருளை விட்டுவிட்டு ரப்பர் போன்ற புதிய செயற்கைப் பொருளில் செய்தது. பார்வைக்கு அற்பமான மாற்றம். நல்ல நோக்கத்தில் செய்த மாற்றமும்கூட.

துப்பறிந்தவர்கள் இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். புதிய மூடி போட்ட பாட்டில்கள் ஒரு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த காலம். அங்கே விசித்திரக் காய்ச்சல் தொடங்கிய காலம். முதல் தேதியைத் தொடர்ந்து இரண்டாம் தேதி வந்தது.

அடுத்து, யாரும் கை வைக்காத புதிய பாட்டில்களை லேபுக்குக் கொண்டுபோனார்கள். மூடியைக் கவனமாகக் கழற்றி, வாஷரின் அடியிலும் இடுக்கிலும் என்ன இருக்கிறது என்று வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ந்தன. நோயாளிகளின் ரத்தத்தில் கிடைத்த அதே இனங்கள்.

திரவத்தை ஆட்டோகிளேவ் வேகவைத்தது உண்மை. கிருமி தங்கிய இடம் திரவத்துக்கு வெளியே, மூடியின் அந்தச் சிறிய இடுக்கு. மூடி அசையாமல் இருக்கும்வரை இடுக்கில் இருப்பது இடுக்கிலேயே கிடக்கும். ஆனால் வார்டில் மூடி எப்படி அசையாமல் இருக்கும்?

ஒரு நர்ஸின் கையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். டாக்டர் எழுதியிருக்கிறார்: இந்த பாட்டிலில் பொட்டாசியம் சேர்க்க வேண்டும். நர்ஸ் மூடியைத் திருகித் திறக்கிறார். சிரிஞ்சில் எடுத்த மருந்தை உள்ளே விடுகிறார். மருந்து கலக்க வேண்டுமே, மூடியைத் திரும்ப மாட்டி பாட்டிலைக் குலுக்குகிறார். திரவம் எழும்பி மூடியின் உள்பக்கத்தை நனைத்துவிட்டு இறங்குகிறது. மறுபடி மூடியைக் கழற்றி, குழாயைச் செருகி, ஸ்டாண்டில் தொங்கவிடுகிறார். முறைப்படி, கை கழுவி, ஒன்றும் தவறாமல் செய்கிறார்.

வார்டில் செய்வது போலவே லேபிலும் திறந்து மூடிப் பார்த்தார்கள். இடுக்கில் இருந்த கிருமி திரவத்தில் இறங்கியது. விழுவது ஒன்றிரண்டுதான். அதற்குப் பிறகு வேண்டியதெல்லாம் நேரம். பாட்டில் மாறினாலும் கீழே இருக்கும் குழாய் மாறாது. பழைய பாட்டிலின் கிருமி குழாயில் தங்கிப் பெருகி, புதிய பாட்டிலின் சுத்தமான திரவத்திலும் கலந்து இறங்கிக்கொண்டே இருக்கும்.

குற்றவாளி கிடைத்தாயிற்று. உடனே எல்லா பாட்டிலையும் திரும்பப் பெற வேண்டியதுதானே?

இங்கே அதிகாரிகள் கையைப் பிசைந்த ஒரு நிலைமையைப் புரிந்துகொள்ள வேண்டும். நாடு ஏற்றும் திரவத்தில் ஏறக்குறைய பாதி அந்தக் கம்பெனியுடையது. ஒரே நாளில் அதை நிறுத்தினால் விபத்தில் ரத்தம் இழந்து வருபவருக்கு, பிரசவத்தில் துவண்டு கிடக்கும் தாய்க்கு, வாந்தி பேதியில் உடம்பு வற்றிய குழந்தைக்கு என்ன ஏற்றுவது? பாட்டிலில் கிருமி இருக்கலாம் என்ற ஆபத்து ஒரு பக்கம். பாட்டிலே இல்லாத ஆபத்து மறுபக்கம்.

முதலில் எச்சரிக்கை மட்டும் போனது: திரவம் ஏறும் நோயாளிக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் பாட்டிலையும் குழாயையும் ஊசியையும் மொத்தமாக மாற்றுங்கள், காய்ச்சல் இல்லாவிட்டாலும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை குழாயை மாற்றுங்கள். கிருமிக்குப் பெருக அவகாசம் கொடுக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். டிரிப்ஸ் குழாயைக் கெடு வைத்து மாற்றும் வழக்கம் அங்கே வேரூன்றியது இந்தக் கொள்ளை நோயின் வடுவாகத்தான். பின்னாளில் வந்த ஆய்வுகள் அந்தக் கெடுவைப் பல நாளாக நீட்டின; கெடு என்ற ஒன்று மட்டும் நிலைத்தது.

எச்சரிக்கை போதவில்லை. 1971 மார்ச் 22 அன்று பாட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன.

தொற்று எண்ணிக்கை சரேலென்று விழுந்தது. மாக்கி, ஃபிராங்க் ரேம், டொனால்ட் மாக்கல், ஜான் பென்னெட் ஆகியோர் பிற்பாடு முழுக் கணக்கை எழுதினார்கள். 1970 ஜூலை முதல் 1971 ஏப்ரல் வரை 25 மருத்துவமனைகளில் 378 பேருக்குத் தொற்று. அதில் 40 மரணங்கள். கணக்கில் வந்தது அவ்வளவு. தன் வார்டில் நடந்ததை வழக்கமான ரத்தத் தொற்று என்று எழுதிக் கோப்பை மூடிய மருத்துவமனைகள் வேறு எத்தனையோ.

வழக்கு முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. அந்த பாட்டிலைத் தொட்டே பார்க்காத மருத்துவமனைகளிலும் டிரிப்ஸ் போட்ட நோயாளிகளுக்கு ரத்தத்தில் தொற்று வந்துகொண்டுதான் இருந்தது. திரவம் சுத்தம். மூடி சுத்தம். குழாய் புதிது.

அப்படியானால் இரண்டாவது குற்றவாளி எங்கே ஒளிந்திருக்கிறது?

(தொடரும்)

வாரம் 4: பதினைந்து புள்ளிகள்

டென்னிஸ் மாக்கி அட்லாண்டாவை விட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கேள்வியையும் கூடவே கொண்டுபோனார். 1977-ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட சோதனை, கேட்டால் சிரிப்பு வரும் அளவுக்கு எளிமையானது.

நரம்புக்குள் செருகி வைக்கும் மெல்லிய குழாய்க்குக் கதீட்டர் என்று பெயர். நோயாளியின் நரம்பிலிருந்து உருவிய கதீட்டரின் நுனியைச் சில சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். கிருமி வளர்க்கும் அகார் தட்டின் மேல் அதை வைத்து, சப்பாத்திக் குழவிபோல் முன்னும் பின்னும் நான்கு முறை உருட்ட வேண்டும். தட்டை மூடி வெதுவெதுப்பில் வைத்துவிட்டு, பிறகு எடுத்து எண்ண வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிருமிக் குடும்பம். 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் கதீட்டரில் கிருமி குடியேறிவிட்டது என்று பொருள். குறைவாக இருந்தால் உருவும்போது தோலில் பட்டு ஒட்டியதாக இருக்கலாம். இன்றைக்கும் உலகெங்கும் லேப்களில் நடக்கிறது அந்த உருட்டல்.

ஆக, இரண்டாவது குற்றவாளி கதீட்டரேதான். தோலில் குத்திய துளை வழியாக அதன் வெளிப்புறத்தைப் பிடித்துக்கொண்டு கிருமி உள்ளே நடக்கிறது. அல்லது மருந்து செலுத்தும் வாயில் கைபட்டு உட்புறமாக இறங்குகிறது. போன இடத்தில் தனியாகத் திரிவதில்லை. தண்ணீர்த் தொட்டியின் சுவரைத் தடவினால் வழவழவென்று ஒரு படலம் கையில் வருமே, அதுபோல் குழாய்ச் சுவரில் பசை சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கிறது. ஆன்டிபயாடிக் அந்தப் பசையைத் தாண்டிப் போய்க் குடியை அழிக்கத் திணறுகிறது. அவ்வப்போது அங்கிருந்து சில கிருமிகள் கழன்று ரத்தத்தில் மிதந்து போகும்போதெல்லாம் நோயாளிக்குக் குளிர் எடுக்கிறது. பல நேரங்களில் கதீட்டரை எடுத்தால்தான் காய்ச்சல் போகும்.

இப்போது நம் அந்நியனிடம் திரும்புவோம்.

கதீட்டர் வழியாக வருபவற்றில் பெரும்பங்கு தோலின் கிருமிகள். அவற்றைக் கண்டால் எந்தக் கையிலிருந்து, எந்தத் தோலிலிருந்து வந்தது என்று சொல்வது கடினம். எல்லார் தோலிலும் இருக்கின்றன. அரிதான கிருமி அப்படியில்லை. அது தன் முகவரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வருகிறது. பர்க்ஹோல்டேரியா செபாசியா என்று ஒன்று. செபா என்றால் லத்தீனில் வெங்காயம். வால்டர் பர்க்ஹோல்டர் 1950-ல் அழுகிய வெங்காயத்தில் கண்டெடுத்தது. ஈரத்தில் வாழும். கிருமிநாசினித் திரவத்துக்குள்ளேயே பிழைத்துக் கிடக்கக்கூடியது. ஒரே வார்டில் இரண்டு பேர் ரத்தத்தில் அது வந்தால், எங்கோ ஒரு திரவம் கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

செராஷியா மார்செசன்ஸ் இன்னொன்று. 1819-ல் இத்தாலியின் படுவா பக்கம் சோளக்களியில் ரத்தம் துளிர்த்ததாக ஊர் நடுங்கியபோது, அது மாயமில்லை, சிவப்பு நிறம் சுரக்கும் நுண்ணுயிர் என்று பார்த்தொலொமியோ பிசியோ என்ற மருந்தாளுநர் நிரூபித்தாரே, அந்தக் கிருமி. நெடுங்காலம் அதை ஆபத்தில்லாதது என்றே நம்பினார்கள். அதுவும் என்டரோபாக்டரின் சொந்தம். ஈரமும் கொஞ்சம் உணவும் கிடைத்தால் போதும்.

2011 மார்ச், அமெரிக்காவின் அலபாமா மாநிலம். வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு நரம்பு வழியாகவே முழு உணவையும் ஏற்றுகிறார்கள். அப்படிப்பட்ட நோயாளிகளின் ரத்தத்தில் செராஷியா. ஆறு மருத்துவமனைகள். 19 பேர். ஒன்பது மரணங்கள். எல்லோருக்கும் உணவுத் திரவத்தைக் கலந்து கொடுத்தது ஒரே மருந்தகம். சந்தையில் அமினோ அமிலக் கரைசலுக்குத் தட்டுப்பாடு வந்ததால், பொடியை வாங்கித் தாங்களே கரைத்திருந்தார்கள். ஆய்வாளர்கள் அந்த அறைக்குள் போய்த் தேடினார்கள். கலக்கும் பாத்திரத்தில் செராஷியா. திறந்திருந்த பொடி டப்பாவில் செராஷியா. தண்ணீர்க் குழாயின் வாயில் செராஷியா.

சரியாக நாற்பது ஆண்டு கழித்து, அதே மார்ச் மாதத்தில், அதே பாடம். ஒரு வேற்றுமை உண்டு. 1970-ல் தொடங்கியதைக் கண்டுபிடிக்க அடுத்த ஆண்டு வரை ஆனது. அலபாமாவில் சந்தேகம் எழுந்த சில நாட்களிலேயே திரவம் நிறுத்தப்பட்டது. லேபில் ஒருவர் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, 'இது ஏதோ லேப் அழுக்கு' என்று தள்ளிவிடாமல், பக்கத்து மருத்துவமனையிலும் வந்திருக்கிறதா என்று கேட்கும் பழக்கம் அதற்குள் வேர்விட்டிருந்தது. 378 பேர் பட்ட பாட்டின் பலன் அந்தப் பழக்கம்.

இந்த வரலாற்றை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். காய்ச்சல் வந்தால் 'எந்த மருந்து கொடுத்துக் கிருமியைக் கொல்லலாம்' என்பது முதல் கேள்வி. அது தேவையான கேள்வி. ஆனால் உயிர்களைக் கூட்டமாகக் காப்பாற்றியது இரண்டாவது கேள்வி: 'நீ எங்கிருந்து வந்தாய்?' அதைக் கேட்கப் புதிய மருந்து தேவையில்லை. நடக்கத் தயாரான கால்களும், பெயரை உற்றுப் படிக்கும் கண்களும் போதும்.

வாசலைப் பூட்டும் வேலையும் அப்படித்தான் எளிதாக இருந்தது. 1991-ல் மாக்கியின் குழு 668 கதீட்டர்களைப் பார்த்து, தோலைத் துடைக்க எது நல்லது என்று ஒப்பிட்டது. குளோர்ஹெக்ஸிடினால் துடைத்தபோது நூற்றுக்கு 2.3 கதீட்டரில் மட்டும் கிருமி பிடித்தது, ஆல்கஹாலுக்கு 7.1, பொவிடோன் அயோடினுக்கு 9.3. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பீட்டர் ப்ரொனவோஸ்ட், கழுத்திலோ நெஞ்சிலோ போடும் பெரிய கதீட்டருக்கு ஐந்து வரிப் பட்டியல் ஒன்று போட்டார். கை கழுவு. உடம்பு முழுக்கச் சுத்தத் துணியால் மூடிவிட்டுக் குத்து. குளோர்ஹெக்ஸிடினால் துடை. முடிந்தவரை தொடையிடுக்கில் போடாதே. தேவையில்லாவிட்டால் எடுத்துவிடு. ஒரு படியைத் தாண்டினால் டாக்டரை நிறுத்தும் உரிமை நர்ஸுக்கு உண்டு. மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்கள் அதைப் பின்பற்றின. தொற்று மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததை 2006-ல் உலகம் படித்தது.

ஐந்து வரியில் கடைசி வரி நம் எல்லோருக்கும் உரியது. அடுத்த முறை ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார நேர்ந்தால், பாட்டிலை மட்டும் பார்க்காதீர்கள். பிளாஸ்திரியின் ஓரம் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். நோயாளி சாப்பிடத் தொடங்கி, மருந்தும் மாத்திரைக்கு மாறிவிட்டதென்றால், சுற்றுக்கு வரும் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: 'இந்த ஊசி இன்னும் வேணுமா டாக்டர்?'

'வேண்டாம்' என்றால் சிஸ்டர் வருவார். பிளாஸ்திரியை மெல்ல உரிப்பார். ஒரு துண்டுப் பஞ்சை வைத்து அழுத்தியபடி அந்தச் சின்னக் குழாயை உருவி எடுப்பார். 'கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சுக்கோங்க' என்பார். ரத்தத்துக்குப் போட்டிருந்த நேர்வழி, உங்கள் பெருவிரலுக்கு அடியில் மூடிக்கொள்ளும்.

(முற்றும்)